அம்மாவின் மறதிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா?

பாலக்கோட்டு மகள்:
அம்மாவுக்கு வயது 69. சர்க்கரை வந்து 17 ஆண்டுகள். பாலக்கோடு பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் கிருஷ்ணகிரியில். ஆறு மாதமாக மறதி. களிக்கு உலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். புரட்டாசி விரதம் என்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு, “அப்பா தக்காளி மண்டியிலிருந்து வந்துவிட்டாரா?” என்று கேட்டார். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு உடல் நடுங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்தால் ஒரே வியர்வை. தளிகை போட்டுச் சாப்பிட்ட பிறகு தெளிவாகப் பேசினார். வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். சர்க்கரை மூளையையும் கெடுக்குமா? இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டுமா?

காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற செவிலியர்:
கண்ணு, அந்த வியர்வைதான் என்னை உறுத்துகிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாரா என்று கேள். சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. குளுக்கோஸ் குறைந்ததும் பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் குழம்பும். மறுபடி அப்படி ஆனால் உடனே குளுக்கோமீட்டரில் பார். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.

ஆனால் உலையை மறப்பது வேறு கதையாகவும் இருக்கலாம். கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பது போலவே சர்க்கரை மூளையிலும் கெடுக்கிறது. பக்கவாதம் என்று வெளியே தெரியாத சிறுசிறு அடைப்புகள் சேரச் சேர, யோசனை மந்தமாகும், தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இன்னொன்று: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் மறதி வரும். அது சரிசெய்யக்கூடியது, ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதே.

தேன்கனிக்கோட்டை:
எங்கள் அப்பாவுக்கும் இதேதான், அக்கா. மறதி கூடக் கூட, போட்ட மாத்திரையையே மறந்து மறுபடி போட்டுக்கொள்வார். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தது. அப்படிக் கடுமையாகத் தாழ்வதும் மூளைக்குக் கேடு என்று பெங்களூரில் பார்த்த மருத்துவர் சொன்னார். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று மாத்திரையைக் குறைத்தார். 6.5-க்கு இழுத்துப் பிடித்து நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அக்கா, மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருபவரிடம் அம்மாவின் மறதியைச் சொல்லி, பொறுப்பான ஒருவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். 2021-இல் நம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தானே, உரிமையோடு கேளுங்கள்.

பாலக்கோட்டு மகள்:
இருவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமையும் அம்மா விரதம். பத்தரை மணிக்குப் பார்த்தேன்: 58. காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அழுதுவிட்டேன். திங்கட்கிழமை மருத்துவர் மாத்திரையை மாற்றினார், பி12-க்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உலையை இன்னும் மறக்கிறார். விரதத்தை விடமாட்டேன் என்கிறார். பால் மட்டும் குடிக்கச் சம்மதித்திருக்கிறார். மாத்திரை டப்பா இப்போது எதிர்வீட்டு அத்தையிடம்.