அம்மாவின் கன்னத்தில் சிவப்பு நூல் போன்ற இரத்தக்குழாய்கள்: காரணம் என்னவாக இருக்கும்?

பரந்தன் மகள்:
வணக்கம் உறவுகளே. ஐம்பது வயதைக் கடந்த என் அம்மாவின் இரு கன்னங்களிலும் மூக்கின் ஓரத்திலும் மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய்கள் சில மாதங்களாகத் தெரிகின்றன. நோவோ கடியோ இல்லை. அவர் பகல் முழுவதும் வயல் வெயிலில் நிற்பவர். முகம் கறுத்துப் போகிறது என்று கடையில் வாங்கிய கிறீம் ஒன்றை இரவில் பூசி வருகிறார். டெங்குக் காலமாதலால், தோலுக்கடியில் இரத்தம் கசிகிறது என்று அயலவர்கள் பயமுறுத்துகிறார்கள்.

வவுனியா தாதி:
முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. தெளிவான கண்ணாடிக் குவளையின் பக்கத்தைக் கன்னத்தில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் அது விரிந்த குழாய்க்குள் ஓடும் இரத்தம். அழுத்தியும் மறையாத செம்புள்ளிகளே கசிவு. அவை காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

வெயிலும் ஒரு காரணந்தான், ஆனால் என் சந்தேகம் அந்தக் கிறீம் மீதே. விரைவாக முகத்தை வெளுக்கச் செய்யும் கிறீம்கள் பலவற்றில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் கலந்திருக்கும். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்குழாய்கள் விரிந்து வெளியே தெரியத் தொடங்கும். ரியூப்பில் என்ன எழுதியிருக்கிறது?

முல்லை ஆசிரியர்:
நடுவில் ஒரு செம்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்களாகப் பிரியும் கோடுகளும் நெஞ்சின் மேற்பகுதியிலோ தோளிலோ பலவாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அப்படியானால் ஈரலைப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இவை வரும், பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பரந்தன் மகள்:
நெஞ்சிலும் தோளிலும் எதுவும் இல்லை, ஐயா. குவளையை அழுத்தியபோது சிவப்பு மறைந்தது. கிறீம் வந்தது பெயரே இல்லாத சிறு டப்பியில். இன்றே நிறுத்தச் சொல்லட்டுமா, அக்கா? லேசர் செய்தால் போகுமா?

வவுனியா தாதி:
பெயரில்லாத டப்பி என்றால் என் சந்தேகம் கூடுகிறது. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் நெடுநாள் பூசியதைத் திடீரென விட்டால் முகம் முன்னையதைவிடச் சிவந்து எரியும், அதைத் தாங்காமல் பலர் மீண்டும் அதையே பூசுகிறார்கள். ஆகவே டப்பியையும் கையோடு கொண்டுபோய் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்கிற்குத் துண்டு வாங்குங்கள். லேசரால் குழாய்களைச் சுருக்கலாம் என்றாலும், எங்கள் நிறத் தோலில் அது கருந்தழும்பு விடக்கூடும் என்பதால் தோல் வைத்தியரே அதை முடிவு செய்யட்டும். அதுவரை வயலுக்குப் போகும்போது அம்மா அகலத் தொப்பி போடட்டும்.