பிரைட்டன் வெஸ்ட் பியர்: அழித்தது தீயா, துருவா?

கதிரவன்:
இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் சிதைந்துபோன வெஸ்ட் பியர் கடற்பாலம் என்றதும் எல்லாரும் 2003 மார்ச் 28, மே 11 தீ விபத்துகளையே சொல்கிறார்கள். வரிசையைப் பாருங்கள். செப்பனிடப் பணமில்லாமல் மூடியது 1975. அதன்மேல் இருந்த இரு மண்டபங்களுக்கு இடையிலான நடைபாதை கடலில் சரிந்தது 2002 டிசம்பர் 29. தீ பிடித்தது அதற்கும் பிறகுதான்.

1866இல் திறந்த இந்தக் கடற்பாலத்துக்கு, பொறியாளர் யூஜீனியஸ் பர்ச், அடியில் திருகு அலகு வைத்த வார்ப்பிரும்புத் தூண்களைக் கடலடியில் முறுக்கி இறக்கினார். வார்ப்பிரும்பு உப்பை ஓரளவு தாங்கும். குறுக்கே கட்டியிருக்கும் தேனிரும்புக் (wrought iron) கம்பிகள்தான் சீக்கிரம் அரிக்கும். அதிலும் அலை தெறித்து நனைந்து காயும் உயரத்தில் துரு மிக வேகம். கம்பி போனால் பக்கவாட்டு விசை முழுவதும் தூணுக்கு வரும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்குமே தவிர, வளைவைத் தாங்காது, முன்னறிவிப்பின்றி முறியும். பெயின்ட் அடித்து, இற்றுப்போன கம்பிகளை அவ்வப்போது மாற்றியிருந்தால் போதும்.

யாழினி:
துருவை மறுக்கவில்லை. ஆனால் 1998இல் பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியிலிருந்து 1.4 கோடி பவுண்டு வரை ஒதுக்க முன்வந்தார்களே! மீட்க முடியாத ஒன்றுக்கா அவ்வளவு தொகை? 1982இல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் மிக உயர்ந்த தரமான கிரேடு 1 பட்டியலில் சேர்த்தது வெறும் தூண்களுக்காக இல்லை. 1893இன் பெவிலியன் மண்டபம், 1916இன் இசை அரங்கு எல்லாம் சேர்ந்த முழுமைக்காக. அந்த இரண்டையும் விழுங்கியது தீ. 2004இல் லாட்டரி நிதியும் கைவிட்டுப் போனது. ஆபத்தான அமைப்பு என்பதால் தீயணைப்பு வீரர்களால் அதன்மேல் ஏறவே முடியவில்லை.

கதிரவன்:
ஏன் ஏற முடியவில்லை என்று கேளுங்கள் யாழினி. 1991இல் கரையோரப் பகுதியை ஆபத்து என்று அகற்றிவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வேலையும் கடினமானது. பராமரிப்பைக் கொன்ற முடிவு அதுதான்.

இங்கிலாந்தின் இன்னொரு கடற்பாலமான கிளீவ்டனைப் பாருங்கள். 1970இல் காப்பீட்டுக்கான எடைச் சோதனையில், சதுர அடிக்கு 50 பவுண்டு பாரம் வைத்தபோது கடைசி இரு கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) விழுந்தன. பாலத்தைப் பிரித்துக் கரைக்கு எடுத்துப் போய்ச் செப்பனிட்டு, மறுபடி நிறுத்தி, 1989இல் திறந்தார்கள். அங்கே ஓத ஏற்ற இறக்கம் 14 மீட்டரை நெருங்கும். அதைவிடக் கடினமான இடமா பிரைட்டன்?

தேவா:
கதிரவன், இந்த ஒப்பீடு சரியில்லை. கிளீவ்டன் மெலிந்த நடைபாலம். பழைய ரயில் தண்டவாளங்களை இணைத்துச் செய்த வளைவுகள் அதைத் தாங்குகின்றன. வெஸ்ட் பியர் ஒரு அரங்கத்தையே சுமந்தது. ஒப்பிடுவதென்றால் ஹேஸ்டிங்ஸ் கடற்பாலம்: அதுவும் பர்ச் கட்டியது, 1872. 2010 தீயில் மேல்பகுதி ஏறத்தாழ முழுவதும் போனது. கீழ்இரும்பு நின்றதால், அதைச் செப்பனிட்டு 2016இல் திறந்தார்கள். அடுத்த ஆண்டு கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசும் கிடைத்தது. இருவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தீ மட்டும் ஒரு கடற்பாலத்தை அழிக்காது, யாழினி. கதிரவன், நீங்கள் வருமானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பரிசு வாங்கிய சில வாரங்களிலேயே ஹேஸ்டிங்ஸை நடத்திய அறக்கட்டளை திவால் நிர்வாகத்துக்குப் போனது. வெஸ்ட் பியரின் வாசலில் 2016இல் எழுந்த 162 மீட்டர் ஐ360 பார்வைக் கோபுரமும் 2024இல் அப்படியே ஆனது.

யாழினி:
அப்படியானால் ஆண்டு வருமானத்தில் இரும்புப் பராமரிப்புக்கு என்று முதலிலேயே ஒரு பங்கைப் பூட்டி வைக்க வேண்டும். மீட்புக்குத் தரும் நிதியோடு அந்த நிபந்தனையையும் சேர்த்து எழுதட்டும்.