முதல் உலகப்போர் கால 12 குழல் மெஷின் கன் ஃபோக்கர்-லைம்பெர்கர் ஏன் சேவைக்கு வரல? தோட்டா தப்பா, டிசைன் தப்பா?

வான்கிறுக்கன்:
1916ல ஜெர்மன் விமானப்படை, விமான இன்ஜினே ஓட்டுற வேகமான மெஷின் கன் வேணும்னு கேட்டுச்சு. அதுக்கு விமானம் செய்ற ஃபோக்கர் செஞ்சது தான் இது, 7.92 எம்எம், நிமிஷத்துக்கு 7200 ரவுண்டுன்னு சொல்றாங்க. அப்ப ஃபைட்டர்ல இருந்த ஸ்பான்டாவ் மெஷின் கன் நிமிஷத்துக்கு 500 அடிச்சாலே பெருசு. போர்க்காலத்துல பித்தளை மட்டம், தோட்டா கூடு கிழிஞ்சு மாட்டிக்கிச்சு, அதான் போச்சு. நல்ல தோட்டா இருந்திருந்தா வந்திருக்கும்.

டைமேக்கர்_கோவை:
தோட்டா மேல பழி போடாதீங்க ப்ரோ. இதுல மூடின சேம்பரே (தோட்டா உக்காந்து வெடிக்கிற அறை) கிடையாது, எதிரெதிரா சுத்துற ரெண்டு சக்கரத்துல பாதி பாதி குழி, ரெண்டும் சேர்ற அந்த நொடியில தான் சேம்பரே உருவாகுது. நான் டை (உலோகம் ஊத்துற அச்சு) வேலை பாக்குறவன், ரெண்டு பாதி டை மூடுற எடத்துல மயிரிழை இடைவெளி இருந்தாலும் உருகின அலுமினியம் அதுல பிதுங்கி பிசிறா நிக்கும், தினம் ஃபைல் வச்சு தேச்சு எடுக்குறேன். வெடிக்கிற அழுத்தத்துல பித்தளையும் அந்த இடுக்குல தான் பிதுங்கும், அப்புறம் கிழியும்.

வான்கிறுக்கன்:
சரிண்ணே, ஆனா பல குழல் ஐடியா தப்பில்லையே? 7200ஐ 12ஆல வகுத்தா ஒரு குழலுக்கு 600 தான், சூடும் பிரிஞ்சிடும். அமெரிக்காக்காரன் 1946ல வல்கன்ங்கிற விமான பீரங்கி ப்ராஜெக்ட்ல இதே சுத்துற குழல் வழியில தானே போனான்.

டைமேக்கர்_கோவை:
குழல் சுத்துறதுல எனக்கு சண்டையே இல்ல, அது கையால சுத்துற பழைய கேட்லிங் துப்பாக்கி ஐடியா. ஆனா வல்கன்ல ஒவ்வொரு குழலுக்கும் தனி போல்ட் (பின்பக்கம் அடைக்கிற பூட்டு), முழுசா மூடின சேம்பர். அங்க தான் பொழச்சான்.

பழையஇரும்பு:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். போர் முடிஞ்சு ஃபோக்கர் அமெரிக்கா போயும் இத விடல, 1930 வாக்குல செஞ்ச மாதிரி ஒண்ணு கென்டக்கி மிலிட்டரி மியூசியத்துல இருக்கு, அதுவும் தேறல. அப்ப போரும் இல்ல பித்தளை பஞ்சமும் இல்லையே. இன்னொண்ணு, 120 ரவுண்டு ஒரு செகண்டுக்குன்னா 500 ரவுண்டு பெல்ட் (தோட்டா கோத்த பட்டை) நாலு செகண்ட்ல காலி, அந்த சின்ன விமானத்துல எவ்வளவு தான் ஏத்துவீங்க?

வான்கிறுக்கன்:
அந்த அமெரிக்கா மேட்டர் எனக்கு தெரியாதுண்ணே. அப்ப கூடு கிழிஞ்சதுக்கு டிசைன் தான் காரணம், ஒத்துக்கிறேன். ஆனா பெல்ட் கணக்கு ஒத்துக்க மாட்டேன், எதிரி விமானம் குறியில நிக்கிறதே ஒண்ணு ரெண்டு செகண்ட் தான், ரெண்டு செகண்ட்ல 16 குண்டு போறதும் 240 குண்டு போறதும் ஒண்ணா?