பாராட்டும் தோழிகள் இருந்தும் றோயிங் மெசினில் ஏற மனம் வரவில்லை, அவர்களிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு சகோதரி

வணக்கம். வீட்டுக்குள் துடுப்பு வலிப்பவர்கள் சிலர் இங்கே இருப்பதை அறிந்துதான் எழுதுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. நாள் முழுவதும் கதிரையில் இருந்து செய்யும் அலுவலக வேலை. சீனி வருத்தம் தொடங்கிவிட்டது, முழங்கால் ஓட விடாது. கடற்கரையில் நடக்கலாம் என்றால் கச்சான் வீசும் மாதங்களில் வேலைக்குப் போகும் முன்பே வெயில் சுடத் தொடங்கிவிடுகிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரொறன்ரோ மச்சாள் கப்பலில் துடுப்பு வலிக்கும் ஒரு றோயிங் மெசினை அனுப்பிவைத்தாள். காற்றுச் சக்கரம் சுழலும் கான்செப்ட் 2. விறாந்தையில் வைத்திருக்கிறோம். முழங்காலில் அடி விழுவதில்லை. ஆனால் கால், முதுகு, கை எல்லாம் வேலை செய்கின்றன. வலித்துவிட்டு இறங்கும்போது உடம்பு முழுவதும் விழித்துக்கொண்டதுபோல் இருக்கும். எனக்கு அது உண்மையாகவே பிடித்திருக்கிறது.

தனியாகத் தொடர்வது கடினம் என்று ஒரு குழு சேர்த்தேன். அடுத்த வீட்டு அக்கா, அலுவலகத் தங்கச்சி ஒருத்தி, காத்தான்குடியிலிருந்து வரும் பள்ளித் தோழி, ரொறன்ரோ மச்சாள். மச்சாளிடம் சொந்த மெசின் இருக்கிறது. இங்கே நாங்கள் நால்வரும் எங்கள் வீட்டு மெசினில் அவரவர் நேரத்துக்கு வந்து வலிப்போம். முடிந்ததும் திரையைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவோம்.

சிக்கல் இதுதான். நான் 5000 மீற்றர் வலித்தாலும் கைதட்டும் படம் வருகிறது, 1000 மீற்றரில் இறங்கினாலும் அதே படம்தான். ஒரு கிழமை ஏறாமல் விட்டால் "பரவாயில்லை, உடம்பைப் பாருங்கள்" என்கிறார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் என்னைத் தாங்கியது அதுதான். ஆனால் இப்போது விடியற்காலையில் அலாரம் அடிக்கும்போது, நான் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று மனம் சொல்கிறது. போதாததற்கு என் வேகமும் அசையவில்லை. 500 மீற்றருக்கு 2 நிமிடம் 45 செக்கனில் இருந்தவள், மாதக்கணக்கில் முயன்று 2 நிமிடம் 40 செக்கனுக்கு வந்திருக்கிறேன். ஐந்தே ஐந்து செக்கன்!

இவ்வளவு அன்பான குழுவிடம், அவர்கள் மனம் நோகாமல், எனக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது என்று எப்படிச் சொல்வது? அந்த வேறு ஏதோ என்ன? மனவுறுதி பற்றிய அறிவுரை வேண்டாம். குழுவாக வலித்துப் பழகியவர்களின் அனுபவம் வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், களுவாஞ்சிகுடி

தங்கச்சி, முதலில் அந்த ஐந்து செக்கனைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் செய்திருப்பது சிறிய காரியம் அல்ல. அந்த மெசினில் வேகம் கூடக் கூட, அதற்குத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறுகிறது. 2 நிமிடம் 45 செக்கன் என்பது ஏறத்தாழ 78 வாட். 2 நிமிடம் 40 செக்கன் ஏறத்தாழ 85 வாட். ஒவ்வொரு வலிப்பிலும் பத்து வீதத்துக்குக் கிட்டக் கூடுதல் வலுவை உங்கள் உடம்பு இப்போது தருகிறது. திரையில் வாட் கணக்கையும் காட்டச் செய்யலாம், சில காலம் அதைப் பாருங்கள். பக்கத்தில் 1 முதல் 10 வரை இலக்கமிட்ட நெம்புகோலை ஏற்றினால் கடும் பயிற்சி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது. 3, 4 போதும். வலு காலிலிருந்து வர வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. 1920களில் ஒட்டோ கோலர் என்ற ஜேர்மன் உளவியலாளர் பெர்லினில் ஒரு துடுப்புக் கழகத்து ஆட்களை வைத்துச் சோதனை செய்தார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு பாரக்கம்பியை இயலாமல் போகும்வரை கையால் தூக்கி இறக்கினார்கள். பிறகு இருவர் சேர்ந்து இரு மடங்கு பாரமான ஒரே கம்பியைத் தூக்கினார்கள். ஒருவர் விட்டால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். அந்த ஏற்பாட்டில், இருவரில் பலம் குறைந்தவர் தான் தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்துக்கும் இடையிலான வேறுபாடு நடுத்தரமாக இருந்தபோது இது மிக நன்றாகத் தெரிந்தது. வேறுபாடு மிகக் கூடினாலும் மிகக் குறைந்தாலும் பலன் குறைந்தது.

பெர்லினில் அவர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒருவர் விட்டால் மற்றவரின் முயற்சியும் அங்கேயே முடிந்துவிடும், அவ்வளவுதான். உங்கள் குழுவில் அன்புக்குக் குறைவில்லை. ஆளுக்கு ஆள் தங்கியிருக்கும் ஒரு வேலைதான் இல்லை. ஆகவே கிழமைக்கு ஒரு நாள் நால்வரும் ஒரே நேரத்தில் கூடுங்கள். 2000 மீற்றரைத் திரையில் வைத்து ஆளுக்கு 500 மீற்றராக மாறி மாறி வலியுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே நேரம்தான் பதிவாகும். உங்களைவிடச் சற்று வேகமான ஆளுக்குப் பின்னால் நீங்கள் ஏறுங்கள். அலுவலகத் தங்கச்சி அப்படிப்பட்டவரா?

பதில்: தாதி, அக்கரைப்பற்று

சேர் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன், ஒரு பகுதி எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வீட்டு அக்காவுக்கு எத்தனை வயது? நால்வரின் நேரமும் ஒன்றாகச் சேரும்போது, மெதுவாக வலிப்பவர் தன்னால் எல்லோருக்கும் குறைச்சல் என்று எண்ணி வராமலே நின்றுவிடுவார். எங்கள் விடுதியில் நாங்கள் சில தாதியர் சேர்ந்து பயிற்சி செய்தபோது, ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அப்படித்தான் விலகினார். அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் தன் சென்ற கிழமை நேரம்தான் எதிராளி. அதைவிட எத்தனை செக்கன் கூடியது, குறைந்தது என்பதை மட்டும் கூட்டிக் குழுவின் கணக்காக எழுதினோம். அறுபது வயதுக்காரர் இரண்டு செக்கன் குறைத்தாலும், முப்பது வயதுக்காரர் இரண்டு செக்கன் குறைத்தாலும் குழுவுக்கு ஒரே பயன்.

இன்னொன்று, அக்கா. "செய்தாயா?" என்று பின்னால் கேட்கும் தோழியைவிட, "ஐந்தரைக்கு உன் படலையில் நிற்பேன்" என்று முன்னால் சொல்லும் தோழி பெரிய உதவி. இரவுக் கடமை முடித்து வந்தும் நான் பயிற்சிக்குப் போயிருக்கிறேன் என்றால், வாசலில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியது நேரம். கண்டிப்பைக் கேட்காதீர்கள். அன்பானவர்களுக்குக் கண்டிப்பாக நடக்க வராது, வற்புறுத்தினால் நடிப்பார்கள். நேரம் கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவார்கள்.

சீனி வருத்தம் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லாமல் போக முடியாது. இன்சுலின் அல்லது சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சீனி கீழே இறங்கலாம். வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறிகள். நம் ஊர் வெக்கையில் எப்படியும் வியர்த்துக் கொட்டும் என்பதால் அதைக் கவனிக்காமல் விடுவது சுலபம். ஏறும் முன் சீனியைச் சோதியுங்கள், பக்கத்தில் குளுக்கோசும் தண்ணீரும் இருக்கட்டும். கிளினிக்கில் வைத்தியரிடம் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

பதில்: ரொறன்ரோவின் ஸ்காபுரோவிலிருந்து, சொந்த ஊர் வாழைச்சேனை

அக்கா, உங்கள் மச்சாளை மறந்துவிடாதீர்கள். தூரத்தில் இருந்து வலிப்பவனின் பக்கத்தை நான் சொல்கிறேன். எனக்கு வரும் கைதட்டும் படங்களை நான் தூங்கி எழும்பிய பிறகுதான் பார்ப்பேன், அப்போது அதில் சூடு இருக்காது. மாறாக, அண்ணனும் நானும் தொலைபேசியில் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வலிக்கும் நாளில், மூச்சு வாங்கும் சத்தம் கேட்டாலே போதும், நான் இறங்க மாட்டேன். மட்டக்களப்பில் சனி காலை ஐந்தரை என்றால் கோடையில் இங்கே வெள்ளி இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஏழு மணி. இருவருக்கும் பொருந்தும் நேரம் அது.

சேர்ந்து வலிப்பதில் உடம்புக்குள்ளும் ஏதோ நடக்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் துடுப்பு வீரர்கள் 12 பேரை இதே மாதிரி மெசினில் ஏற்றி, தனியாகவும் குழுவாகவும் 45 நிமிடம் வலிக்கச் செய்தார்கள். முடிவு 2010இல் பயோலொஜி லெட்டர்ஸ் இதழில் வந்தது. பயிற்சிக்குப் பிறகு கையில் இரத்த அழுத்தப் பட்டியை இறுக்கி, எந்த அளவில் வலி தெரிகிறது என்று பார்த்தார்கள். செலவிட்ட வலு ஒன்றாக இருந்தும், குழுவாக வலித்த நாளில் வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் என்டோர்பின் கூடுதலாகச் சுரப்பதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து.

கான்செப்ட் 2 நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் உங்கள் ஐவரையும் ஒரு அணியாகப் பதியலாம். செப்டெம்பர் 15 முதல் ஒக்டோபர் 15 வரை அணிகளுக்கான போட்டி ஒன்று நடக்கும். நவம்பர் கடைசி தொடங்கி டிசம்பர் 24 வரை 100,000 அல்லது 200,000 மீற்றர் வலிக்கும் சவால் வரும். அங்கே மாரி மழை கொட்டி வெளியே போக முடியாத நாட்கள் அவை, உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். அதுவரைக்கும் ஓர் யோசனை: நம்முடைய மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஐந்து பேரும் 3000 மீற்றர் வீதம் கிழமைக்கு நான்கு தடவை வலித்தால் 60 கிலோமீற்றர். ஒரு கிழமையில் வாவியை முழுதாகக் கடந்துவிடலாம். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன வரைபடம் வேண்டும்?

பதில்: களுவாஞ்சிகுடி ஆசிரியர் மீண்டும்

தாதித் தங்கச்சி சொன்னது சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். அவரவர் பழைய நேரத்தோடு ஒப்பிடுவதே இந்தக் குழுவுக்குப் பொருத்தம். ஸ்காபுரோத் தம்பியின் வாவிக் கணக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஓர் எச்சரிக்கை. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட, தலைக்கு இழுத்த பலம் குறைந்துகொண்டே போனது. மொத்தம் மட்டும் தெரிந்தால் யார் விட்டார்கள் என்பது மறைந்துவிடும். எனவே விறாந்தைச் சுவரில் வாவியின் படத்தை ஒட்டினால், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து அவரவர் வலித்த தூரத்தை அவரவரே தீட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேரம் கேட்கலாம் என்று தாதித் தங்கச்சி சொன்னது எனக்கு வழி காட்டியது. நேற்று மாலை குழுவில் இப்படி எழுதினேன்: "உங்கள் பாராட்டு எனக்கு வேண்டும். அதோடு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நீங்களும் வேண்டும்." ஒருவரும் மனம் நோகவில்லை. காத்தான்குடித் தோழி சுபஹு தொழுது முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னாள். தானும் எங்களில் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதினாள். அதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. மச்சாள் வெள்ளி இரவு எட்டு மணிக்குத் தன் மெசினில் ஏறி வீடியோவைத் திறந்து வைப்பாள்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அவருக்கு 250 மீற்றர் என்றும், மீதியை நானும் தங்கச்சியும் பகிர்வது என்றும் பேசியிருக்கிறோம். தங்கச்சி 2 நிமிடம் 28 செக்கனில் வலிப்பாள். சேர் சொன்னபடியே அவளுக்குப் பின்னால் நான் ஏறப்போகிறேன். வாவியின் படத்தை அலுவலக நண்பர் பெரிதாக அச்சிட்டுத் தருகிறார்.

ஒரு சிறு சந்தேகம். ஆள் மாறும்போது கால் பட்டியை அவிழ்த்துக் கட்டுவதிலேயே நேரம் போய்விடாதா?

பதில்: ஸ்காபுரோவிலிருந்து

பட்டியை முழுதாக இறுக்க வேண்டாம், அக்கா. 500 மீற்றருக்குத் தளர்வாக இருந்தாலே போதும், வலித்து முடியும் இடத்தில் பின்னால் அதிகம் சாயாமல் இருந்தால் கால் கழலாது. இறங்குபவர் கைபிடியை அடுத்தவர் கையில் கொடுக்கட்டும், மூன்றாமவர் குனிந்து பட்டியைப் பார்க்கட்டும். பாத அளவுத் தட்டை எல்லோருக்கும் பொதுவான ஒரு துளையில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். கடற்காற்று படும் விறாந்தை என்பதால் சங்கிலிக்கு எண்ணெய் போடவும் மறக்க வேண்டாம். உப்பு அதை விரைவில் பிடித்துவிடும்.