மண்டபத்துச் சாவி யாரிடம் இருந்தது? (உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஆத்தங்கரை
2018 ஆகஸ்டு. மேட்டூரில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட வாரம். காவிரிக்கரைக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. மைக் வண்டி சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போனது, அதில் குறை சொல்ல மாட்டேன். டிவி, ரேஷன் கார்டு, இரண்டு ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீதியே முகாம் என்று சொன்ன மண்டபத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் பழனியில். ஆடி வெள்ளிக்கு யாரோ அந்தப் பூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் ஆத்தா, "தண்ணி வர்றதுக்குள்ள அவன் பழனியிலிருந்து வந்துருவானா கண்ணு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் கடப்பாரை. மறுநாள் மண்டபத்துக்காரர் பூட்டுக்குக் காசு கேட்டார், வீதியில் வசூல் பண்ணிக் கொடுத்தோம்.

படிவம் நிரப்பியவன்
அண்ணா, உங்கள் ஊரா என்று தெரியாது, ஆனால் இப்படி ஒரு மண்டபத்துக்கு மார்க் போட்டவன் நான். பேரிடருக்கு ஒரு நகரம் எவ்வளவு தயார் என்று பார்க்க ஐ.நா. ஒரு மதிப்பெண் அட்டை வைத்திருக்கிறது. அதன் முதல்நிலைப் படிவத்தில் 47 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஒப்பந்த வேலையாக ஓர் ஊருக்கு அதை நிரப்பினேன். தங்குமிடப் பட்டியலில் ஏழு மண்டபம் இருந்தது. பெரிய எழுத்தில் 3 போட்டேன். ஒன்றைக்கூட நேரில் பார்க்கவில்லை. பார்த்தது ஓர் அலமாரியைத்தான். உள்ளே விலைச் சீட்டு கிழிக்காத டார்ச்சுகள். ஒன்றை எடுத்துத் திறந்தேன், பேட்டரி பச்சையாகக் கசிந்து கையில் ஒட்டியது. அதற்கும் 2 போட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நொய்யல்வாசி
சாவி, டார்ச் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2011 நவம்பரில் திருப்பூருக்குள் நொய்யல் புகுந்ததே, அப்போது எங்கள் வீதிக்கு மைக் வண்டியும் வரவில்லை, மண்டபமும் இல்லை. விடியும்போது பாலத்தடியில் பனியன் துணி ரோல்கள் அடைத்துக்கொண்டு நின்றன, சாயம் இறங்கித் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது. உயிர்களும் போயின. பள்ளத்துக்குள் வீடு கட்ட விட்டதை உங்கள் 47 கேள்வியில் எது கேட்கிறது தம்பி?

படிவம் நிரப்பியவன்
கேட்கிறது அண்ணா. நிலப் பயன்பாடு, கட்டட விதி இரண்டுக்குமே கேள்வி இருக்கிறது. நான்தான் ஆபீசில் சொன்னதை அப்படியே எழுதினேன்.

நொய்யல்வாசி
அப்போ மார்க் ஊருக்கா, உனக்கா?

தோட்டத்துக்காரர்
சண்டை வேண்டாங்க. என் கதை சின்னது. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் போனார்களே, அந்த வாரம் எங்கள் சந்தில் சாய்ந்து நின்ற சுவரைப் பற்றி மனு கொடுத்தேன். வந்தவர் சுவரைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று போய்விட்டார். அவ்வளவுதான்.

சரி, எல்லோரும் செய்ய வேண்டியது. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், செல்லில் மட்டும் வைக்காமல் கதவிலும் எழுதுங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர், ஆகவே முகாம் பட்டியலைத் தகவல் உரிமை மனு போட்டே வாங்கலாம். வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு மண்டபமாகப் போய்ச் சாவி எத்தனை, யாரிடம், கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரைக் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டுங்கள், மிதந்து போய்விடும். தறி வைத்திருப்பவர்கள் மோட்டாரை முதலில் கழற்றுங்கள், பாவு நனைந்தால் போகட்டும். பத்திரத்தை நெய் டப்பாவில் வைக்காதீர்கள், என் மச்சான் வைத்தார், எலி கடித்தது. இன்னும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆத்தங்கரை
யோசனைக்கு நன்றிங்க, கேட்கவில்லை என்றாலும். நேற்று அந்த மண்டபப் பக்கம் போனேன். வாட்ச்மேன் அவரேதான். பூட்டு மட்டும் புதிது, முன்னதைவிடப் பெரியது. அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.