பைபாஸுக்குப் பிறகு மறதி: சரியாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பைபாஸ் முடிந்து மூன்று வாரம். மாத்திரை போட்டதே நினைவில்லை, சில்லறைக் கணக்கிலும் தடுமாற்றம். டிமென்ஷியாவா (மறதி நோயா)?

பதில் 1: அந்த முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். இதயம் அல்லாத பெரிய அறுவைசிகிச்சைகள் பற்றி 1998-இல் வந்த பன்னாட்டு ஆய்வில், 60 வயது தாண்டியோரில் ஒரு வாரம் கழித்து சுமார் 26 சதவீதம் பேருக்கு இந்தத் தடுமாற்றம். மூன்று மாதத்தில் 10 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனை செய்யுங்கள்.

பதில் 2: முதலில் மருந்துச்சீட்டைப் பாருங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், அரிப்புக்கு டைபென்ஹைட்ரமின் இருந்தால் முதியவர்களுக்கு மறதி கூடும். அல்பிரசோலத்தைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து; மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று சோடியம், வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீர்த் தொற்று பார்த்தாக வேண்டும்.

பதில் 3: கண்ணாடி, காதுக்கருவி கட்டாயம். பகலில் வெளிச்சம், நடை. கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்குங்கள். திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.