‘சிறப்பு’ வேண்டாம், ‘மூலைமட்டம்’ இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். 30°-60°-90°, 45°-45°-90° கோணங்கள் கொண்ட முக்கோணங்களை நம் அகராதியில் தமிழில் என்னவென்று அழைப்பது என்ற பேச்சில் ஐயா ஒருவர் கேட்டது:

> 30-60-90, 45-45-90 முக்கோணங்களை ‘சிறப்புச் செங்கோண முக்கோணம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? ‘சிறப்புக் கோணங்கள்’ பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது.

பாடநூலோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஐயா சொல்வது நியாயம். ஆனால் என்ன சிறப்பு என்று அந்தச் சொல் சொல்வதில்லை. முன்பு இங்கே பேசிய ‘மூல முக்கோணம்’ என்ற பெயர் இன்னும் சிக்கல். √3 என்ற வர்க்கமூலம் அருகிலேயே நிற்கும்போது எந்த மூலம் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

நான் முன்வைப்பது: மூலைமட்ட முக்கோணம். காம்பஸ் பெட்டியைத் திறந்தால் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். ஒன்றில் 45, 45, 90. மற்றதில் 30, 60, 90. மாணவர் கேட்கும் கோணங்கள் அந்தப் பெட்டியிலேயே கிடக்கின்றன.

போன வாரம் ஒன்பதாவது படிக்கும் அண்ணன் மகள் முக்கோணவியல் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 30க்கும் 60க்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். முதலில் அலகு வட்டத்தை (ஆரம் 1 உள்ள வட்டம்) வரைந்து காட்டினேன். அச்சுகளும் குறிகளும் சேர்ந்து கூடுதலாகக் குழப்பின. சரி என்று 30-60 மட்டத்தைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னேன். அப்புறம் செங்கோணத்தை ஒட்டிய இரண்டில் நீளமான பக்கத்தின் மேல் அதைப் புரட்டிப் போட்டு மறுபடி வரைந்தாள். மூன்று மூலையிலும் 60°. “அப்ப இது சமபக்க முக்கோணம், கீழே இருக்கறது அதுல பாதி, இல்லையா சித்தப்பா?” என்றாள். அளந்தும் பார்த்தாள்: கர்ணம் 15 செ.மீ., சிறிய பக்கம் 7.5. சைன் என்பது எதிர்ப்பக்கம் ÷ கர்ணம், ஆகவே சைன் 30° = 1/2 அங்கேயே கிடைத்துவிட்டது.

சிறியதை 1, கர்ணத்தை 2 என்று கொண்டால், பிதாகரஸ் தேற்றப்படி மிச்சப் பக்கம் √3. ஆகவே சைன் 60° = √3/2, அதாவது 0.866. அளவுகோல் அந்தப் பக்கத்தை 13 செ.மீ. காட்டியது, 13ஐ 15ஆல் வகுத்தால் 0.867. ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கம் மற்றதற்கு அடுத்துள்ள பக்கம். அதனால்தான் சைன் 30°யும் கொசைன் 60°யும் (அடுத்துள்ள பக்கம் ÷ கர்ணம்) ஒன்று என்பதையும் அவளே சொன்னாள். 45 மட்டம் சதுரத்தில் பாதி: 1, 1, √2. சைன் 45° = 1/√2, டேன் 45° (எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்) = 1.

கருவியின் பெயரைக் கணிதத்தில் வைப்பது புதிதல்ல. ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில் சைனுக்குப் பயன்படுத்திய ‘ஜ்யா’ என்ற சொல்லின் பொருள் வில்லின் நாண். அரபியில் அது ‘ஜீபா’ ஆகி, பிறகு ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது. ஜைப் என்றால் உடையின் மடிப்பு. அதைத்தான் லத்தீனில் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். கையில் இருந்த வில்லைப் பார்த்து வைத்த பெயர் அப்படி வழியில் தொலைந்தது எனக்கு எப்போதும் வருத்தம்.

தச்சரின் மூலைமட்டம் செங்கோணம் மட்டும்தானே பார்க்கும் என்று இங்கே ஓர் அம்மா எழுப்பிய கேள்வி முக்கியமானது. ‘முக்கோணம்’ கூடவே வருவதால் மயக்கம் வராது என்று நினைக்கிறேன். 18°, 36° போன்ற கோணங்கள் ஒழுங்கு ஐங்கோணத்திலிருந்து வருபவை. இந்தப் பெயரில் அவற்றை அடக்க வேண்டாம். 90°க்கு மேலே போனால் அலகு வட்டம் வேண்டும்தான்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

மூலைமட்ட முக்கோணம்: சமபக்க முக்கோணத்தை அதன் குத்துயரத்தாலோ சதுரத்தை அதன் மூலைவிட்டத்தாலோ இரண்டாக வெட்டினால் கிடைக்கும் செங்கோண முக்கோணம். பக்க விகிதம் 1 : √3 : 2 அல்லது 1 : 1 : √2.